நகத்தில் ஏறிய ரோசா நிறம்: சாயம் தீட்டிய கைகளைத் தேடி

பிப்ரவரி பிறந்ததும் தில்லியின் அழகு நிலையக் கண்ணாடிகளில் ஒரே நிறம் படரத் தொடங்கிவிடுகிறது. வெளிர் ரோசா அடிப்பூச்சு, நுனியில் வெண்கீற்று, மோதிர விரலில் மட்டும் ஒரு சிறிய இதயம். காதலர் தின நக அலங்காரம் என்ற தலைப்பில் விலைப்பட்டியலும் உடன் தொங்கும். இவற்றோடு ஆண்டுதோறும் ஒரு வரலாற்றுக் கூற்றும் சுற்றுக்கு வருகிறது. நகத்துக்குச் சாயமிடுவது மேலைநாட்டு இறக்குமதி அன்று, வாத்ஸ்யாயனரே அதனை அறுபத்து நான்கு கலைகளுள் வைத்திருக்கிறார், ஆகவே இந்த ரோசா நகம் நம் பழைய மரபின் தொடர்ச்சியே என்பது அக்கூற்று. காதலர் தினத்தை எதிர்ப்போர்க்கு விடையாகவும் இதனைச் சொல்கிறார்கள். நகப்பூச்சு விற்போரும் சொல்கிறார்கள். எல்லோர்க்கும் இவ்வளவு வசதியாக அமைந்துவிட்ட ஒரு கூற்றைச் சற்று நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை.

காமசூத்திரத்தின் முதல் அதிகரணத்தில் வரும் கலைப்பட்டியலில் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரே ஒரு தொகைச்சொல்: தசன-வசன-அங்கராகம். தசனம் என்பது பல், வசனம் ஆடை, அங்கராகம் உடலிற் பூசும் வண்ணம். இதில் நகம் இல்லை, கூந்தலும் இல்லை. 1883இல் காம சாஸ்திர சங்கத்தின் பெயரில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலேதான் பல், ஆடை, கூந்தல், நகம், உடல் என்று பட்டியல் நீள்கிறது. அங்கம் என்பதை விரித்தால் நகமும் அதில் அடங்குமே என்று வாதிடலாம். அடங்கும்தான். ஆயினும் விரித்துரைத்தவரின் நகத்தை மூலநூலாசிரியரின் விரலில் பொருத்தக் கூடாது. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மொழிபெயர்ப்பின் புகழ் முழுதும் இன்று ரிச்சர்ட் பர்ட்டனுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் அடிப்படை உழைப்பில் ஆர்பத்நாட்டுக்கும், பகவான்லால் இந்திராஜி, சிவராம் பரசுராம் பிடே என்னும் இரு இந்திய அறிஞர்களுக்கும் இருந்த பங்கு ஆய்வாளர் வட்டத்துக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. வேலையை ஒருவர் செய்ய, பெயர் வேறொருவரிடம் தங்கிவிடும் இந்த வழக்கம் நகச்சாயத்தின் வரலாற்றிலும் குறுக்கிடுகிறது.

காமசூத்திரம் நகத்தைப் பேசாமல் விட்ட நூலன்று. இரண்டாம் அதிகரணத்தில் நகக்குறிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அரைத்திங்கள், வட்டம், கோடு, புலிநகம், மயிலடி, முயற்பாய்ச்சல், தாமரை இதழ் என்று நகத்தால் உடலிற் பதிக்கும் வடிவங்களுக்கு அது பெயர் சூட்டுகிறது. கௌட நாட்டார் நீண்ட நகம் உடையோர், தென்னாட்டார் குறுநகத்தினர், மகாராட்டிரர் இரண்டுக்கும் இடைப்பட்டோர் என்று நாடுவாரியாக அளவும் சொல்கிறது. (தென்னாட்டார் நகம் குட்டையானாலும் காரியத்துக்கு உகந்தது என்ற பாராட்டையும் நமக்குத் தந்திருக்கிறார்.) இங்கு நகம் ஒரு கருவி. சாயம் ஏறும் பரப்பாக அதனை அந்நூல் கருதவேயில்லை. அதே நூலில் சாயம் வரும் இடம் ஒன்றுண்டு. நாகரிகன் காலையில் தன் ஒப்பனையை முடிக்கும்போது அரக்குச் சாயமாகிய அலக்தகத்தையும் மெழுகையும் பயன்படுத்துகிறான். உரைமரபின்படி அது உதட்டுக்கு. அதாவது நகச்சாயத்துக்குச் சான்றுதேடிப் போனால் கிடைப்பது ஓர் ஆடவனின் உதட்டுச்சாயம்.

நகம் எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்ற கவலை வேறு நூல்களில் இருந்தது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, பெண்ணின் இலக்கணம் கூறப் புகுந்ததுமே பாதத்தில் தொடங்குகிறது. மெல்லியனவும் செம்பின் நிறத்தனவுமான நகங்களை நல்லிலக்கணமாகக் குறிக்கிறது. அந்நிறம் சாயத்தால் வருவதன்று. நகத்தின் தகடு ஒளி ஊடுருவக் கூடியது. அதன் கீழுள்ள நுண்ணிரத்தக் குழாய்களின் சிவப்புத்தான் வெளியே தெரிகிறது. வயலிலும் உலைக்களத்திலும் துவைகல்லிலும் உழைக்கும் கையின் நகம் தடித்துக் கறைபடியும், நிறம் மங்கும். ஆகவே செந்நகத்தை நற்குறியாக எழுதிவைத்தவர் தம்மை அறியாமலே ஒரு வர்க்கத்தின் கையை எழுதிவைத்தார் என்று நான் கருதுகிறேன். இன்றைய அழகு நிலையங்களில் மிகுதியாக விலைபோகும் ‘இயல்பான ரோசா’ என்ற பூச்சும் அந்தக் கையைத்தான் போலி செய்கிறது.

பழைய இலக்கியத்தில் சாயம் தீட்டப்படும் உறுப்பு பாதம். அதற்கு நான் அறிந்தவற்றுள் மிக நுட்பமான காட்சி காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரத்தின் மூன்றாம் அங்கத்தில் இருக்கிறது. அரண்மனைத் தோட்டத்துப் பொன்னசோகு இன்னும் பூக்கவில்லை. அலக்தகம் தீட்டிச் சிலம்பணிந்த பெண்ணின் பாதம் பட்டால் அசோகு பூக்கும் என்பது கவிமரபு. அரசி தாரிணி ஊஞ்சலிலிருந்து விழுந்து காலில் காயம்பட்டுக் கிடக்கிறாள்; தனக்குப் பதிலாக மாளவிகையை அனுப்புகிறாள். காலம் வசந்தம், காமனுக்குரிய பருவம். தோழி வகுலாவளிகை மாளவிகையின் பாதத்தைத் தன்முன் வைத்துச் செம்மை தீட்டுகிறாள். அரசன் புதர்மறைவில் நின்று பார்க்கிறான்.

இந்தக் காட்சியை வகுப்புகளில் அரசனின் காதற்காட்சியாகவே படிக்கிறோம். வகுலாவளிகையின் பக்கம் நின்றும் படித்துப் பார்க்கலாம். அவள் வேலை செவ்வையாக இருக்கிறது. அதனை மாளவிகையே வியந்து, இக்கலையை யாரிடம் பயின்றாய் என்று கேட்கிறாள். அரசரிடம் என்கிறாள் வகுலாவளிகை. மறைந்திருக்கும் விதூடகன், உடனே போய்க் குருதட்சிணையைக் கேள் என்று அரசனைச் சீண்டுகிறான். கேலி நயமானதுதான், ஆனால் ஒரு பணிப்பெண்ணின் கைத்திறன் பாராட்டுப் பெறும் அந்த ஒரே நொடியில் பாராட்டு அவளிடமிருந்து நழுவி அரசனின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அடுத்து, தீட்டிய சாயம் உலரவேண்டும். வாயால் ஊதி உலர்த்தவேண்டும், ஆனால் இங்கே காற்று நன்றாக வீசுகிறது என்கிறாள் அவள். ஈர அலக்தகத்தை ஊதி உலர்த்துவதே தனக்கு வாய்க்கக்கூடிய முதற்பணி என்று அரசன் ஏங்குகிறான். நகப்பூச்சை ஊதி உலர்த்தும் இன்றைய பழக்கத்தின் மூதாதை இதுவென்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அரசன் ஊதுவது கற்பனையில். ஊதியிருக்க வேண்டியவள், காற்று வீசாத நாளில் ஊதுபவள், அவள்தான்.

தமிழிலும் இச்சொல் பாதத்தோடே வருகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஒப்பனை விரியுமிடத்தில் அலத்தகம் ஊட்டப்படுவது சீறடிக்கு. இங்கு மொழியியல் படித்தவளின் கண்ணில் படுவது வினைச்சொல். சாயத்தை நாம் ‘ஊட்டுகிறோம்’, அது பிறவினை, ஊட்டுபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆனால் பெயரெச்சத் தொடரில் எழுவாயை வெளிப்படச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வடமொழியின் செயப்பாட்டு எச்சமும் அவ்வாறே வினைமுதலை மறைத்துக்கொள்ளும். தீட்டிய அடி, ஊட்டிய அடி, பூசிய விரல் என்று இந்திய மொழிகளின் கவிதைகள் அடுக்கிக்கொண்டே போகலாம். தீட்டியவரை ஒருமுறையேனும் சொல்லாமலே முடித்துவிடலாம். இதனைக் கவிஞர்களின் சூழ்ச்சி என்று சொல்லமாட்டேன். இலக்கணம் கொடுத்த வசதியைச் சமூகம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

மறைந்துபோன வினைமுதலைத் தேடினால் முதலில் எதிர்ப்படுவது ஒரு பூச்சி. பலாசு, குசும், இலந்தை மரங்களின் இளங்கொம்புகளில் நெருங்கி ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினால் கூடு கட்டும் அரக்குப் பூச்சி. கொம்பில் திரண்ட அரக்கைச் சுரண்டி, நொறுக்கி, நீரில் அலசினால் செஞ்சாயம் நீரோடு பிரியும். எஞ்சிய பிசின் மணியரக்கு. அதனை உருக்கித் துணிப்பையில் வடித்துத் தகடாக இழுத்தால் வாணிக அரக்கு. நீரில் பிரிந்த சாயமே அலத்தகத்தின் உயிர். அச்சாயம் பஞ்சில் ஊறவைத்து உலர்த்தப்பட்டு, வேண்டும்போது நனைத்துப் பிழியப்பட்டது. செம்பஞ்சு என்ற தமிழ்ச்சொல் பொருளின் நிறத்தோடு அது கைக்கு வந்த வடிவத்தையும் காத்து வைத்திருக்கிறது. அலக்தகம் வங்கத்தில் ‘ஆல்தா’ ஆயிற்று. இந்திப் பகுதியில் அதன் இடத்தில் ‘மகாவர்’ நிற்கிறது. அரக்கு வேளாண்மை இன்றும் பெரும்பாலும் சார்க்கண்டு, சத்தீசுகர் காட்டுப்புறங்களில் பழங்குடிக் குடும்பங்களின் கையில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் செஞ்சாயமாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய அரக்குச் சாயம், செயற்கைச் சாயங்கள் வந்தபின் சரிந்தது. அப்போது முன்னுக்கு வந்தது பிசின். இசைத்தட்டுகளுக்கு அது தேவைப்பட்டது. 1924இல் இராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் அரக்கு ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது.

இனி நகப்பூச்சுச் சீசாவின் ஒட்டுத்தாளைப் பாருங்கள். பல சீசாக்களில் ‘நெயில் லாக்கர்’ என்று அச்சிட்டிருக்கும். லாக்கர் என்ற ஆங்கிலச் சொல் போர்த்துக்கீசியத்தின் வழியாகவும் அரபியின் வழியாகவும் பின்னோக்கிப் போனால் ‘லாக்ஷா’ என்ற வடசொல்லில், அதாவது நம் அரக்கில், போய் நிற்கிறது. சீசாவுக்குள் அரக்கு இல்லை. வெடிமருந்துத் தொழிலிலும் திரைப்படச் சுருளிலும் மோட்டார் வண்டிப் பூச்சிலும் பயன்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் இருக்கிறது. 2010இல் ‘ஷெல்லாக்’ என்ற வணிகப் பெயரோடே ஒரு பூச்சு சந்தைக்கு வந்தது. அதுவும் புறஊதா விளக்கின்கீழ் இறுகும் செயற்கைப் பலபடிமம். பூச்சி போனது, பிசின் போனது, சொல் மட்டும் தங்கிவிட்டது. தொடர்ச்சி வேண்டுவோர் காமசூத்திரத்தை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம்; இது உண்மையான தொடர்ச்சி.

அடுத்த வினைமுதல் ஒரு பெண். வடஇந்தியக் கிராமங்களில் நகம் களைவதும் பாதத்தில் மகாவர் இடுவதும் நாவிதர் குடிப் பெண்ணின் பணி. அவதி மொழியில் அவள் நௌனியா, வங்கத்தில் நாப்தினி. (இந்தியில் பெருவழக்காக உள்ள வடிவத்தைத் தமிழெழுத்தில் எழுதினால் வேண்டாத பொருள் ஒன்று வந்து சேரும், ஆகவே அவதி வடிவத்தையே கொள்கிறேன்.) நாவிதன் என்ற நம் சொல்லும் இவையும் ‘நாபித’ என்ற ஒரே மூலத்தின் கிளைகள். அவள் கைக்கருவிக்கு இந்தியில் நஹர்னி, வங்கத்தில் நருண், மராத்தியில் நராணி என்று பெயர். நகத்தை நீக்குவது என்ற பொருளுடைய ‘நகஹரணி’யிலிருந்து தேய்ந்து வந்தவை. ஒரு கருவியின் பெயர் இத்தனை மொழிகளில் இத்தனை காலம் தேய்ந்தும் அழியாமல் வந்திருக்கிறதென்றால், அதனைப் பிடித்த கை எத்தனை வீடுகளின் திண்ணை ஏறியிருக்க வேண்டும்!

இந்தப் பெண்ணுக்கு நம் இலக்கிய வரலாற்றில் ஒரு நூலே இருக்கிறது என்பது பலர்க்கும் வியப்பாக இருக்கலாம். துளசிதாசரின் ‘இராமலலா நஹச்சூ’. சோஹர் என்னும் பெண்கள் பாட்டு யாப்பில், இருபது பாக்களே கொண்ட சிறுநூல். நஹச்சூ என்பது மங்கல நிகழ்வுக்குமுன் நகம் களைந்து பாதத்துக்குச் செம்மை தீட்டும் சடங்கு. அயோத்தியில் நடக்கும் இந்தச் சடங்கு திருமணத்தைச் சேர்ந்ததா பூணூற்சடங்கைச் சேர்ந்ததா என்று இந்தி அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். திருமணம் மிதிலையில் அல்லவா நடந்தது என்பது சிக்கல். அந்த வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. எனக்கு முக்கியமானது கூட்டம். பால் விற்பவள், வெற்றிலை விற்பவள், தையற்காரி, செருப்புத் தைப்பவள், பூக்காரி என்று தொழிற்குடிப் பெண்கள் தத்தம் பொருளோடு அரண்மனைக்குள் வருகிறார்கள். அவர்களின் அழகையும் நடையையும் கவி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நடுவில் நௌனியா அமர்ந்து குழந்தை இராமனின் நகங்களைக் களைந்து மகாவர் இடுகிறாள். இராமன் கருப்பாயும் இலக்குவன் வெளுப்பாயும் இருப்பது ஏன் என்ற பெண்களின் கேலிக்கும் இடமுண்டு. அரசியையே தொடும் கேலி அது. வேலை முடிந்ததும் அவளுக்கு ‘நேக்’ கிடைக்கிறது.

நேக் என்பதைக் கூலி என்று மொழிபெயர்த்தால் தவறு. பரிசு என்றாலும் தவறு. சடங்கில் பணிபுரிந்தவர் உரிமையாகக் கேட்டுப் பெறுவது அது. குறைந்தால் முறுக்கிக்கொள்ளலாம், பேரம் பேசலாம், அந்தப் பேரமே சடங்கின் சுவை. ஆனால் இதனை வைத்துக் கிராம வாழ்வை இனிமையாகத் தீட்டிவிட முடியாது. வில்லியம் வைசர் மைன்புரி மாவட்டத்துக் கரீம்பூரை ஆராய்ந்து 1936இல் வெளியிட்ட ‘இந்து ஜஜ்மானி முறைமை’ காட்டுவதுபோல, இது பிறப்போடு கட்டிவைக்கப்பட்ட பணி. ஒரு நாள் நேக் கேட்டு வாதாட முடிந்தவள், ஆண்டு முழுதும் வரமாட்டேன் என்று சொல்ல முடியாதவளாக இருந்தாள். பிறரின் வெட்டிய நகமும் மயிரும் தீட்டெனக் கருதப்பட்டன. அந்தத் தீட்டு வெட்டியவள் மேல் ஏற்றப்பட்டது. மணமகளின் காலைச் சிவப்பாக்கிய கைக்கு அதே வீட்டின் அடுக்களையில் வேலை இல்லை. காதலுக்கும் அவள் தேவைப்பட்டாள்: 14ஆம் நூற்றாண்டு அலங்கார நூலாகிய சாகித்ய தர்ப்பணம் காதலர்க்கிடையே தூது செல்வோரின் பட்டியலில் தொழிற்பெண்களையும் கைவினைப் பெண்களையும் வைக்கிறது. எந்த வீட்டின் உள்ளறைக்கும் போய்வர முடிந்தவர்கள் அவர்கள்தாம்.

அலத்தகத்தின் செம்மை எப்போது ரோசா ஆயிற்று? மருதாணி நகத்தில் ஏற்றுவது செம்மஞ்சள். அரக்கு தருவது அடர்சிவப்பு. வெளிர் ரோசா இவ்விரண்டின் இயல்பான நிறமன்று. அமெரிக்காவில் நார்தம் வாரனின் கியூடெக்ஸ் நிறுவனம் 1910களின் பிற்பகுதியில் கொண்டுவந்த திரவப் பூச்சு மெல்லிய ரோசாச் சாயலுடையது. 1932இல் தொடங்கிய ரெவ்லான், கரையும் சாயத்துக்குப் பதிலாக நிறமித்தூளைக் கலந்து, நகத்தை முழுதும் மூடும் பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிவப்போடு வெண்ணிறமியை எந்த அளவிலும் கலக்க முடிந்தபின் ரோசாவில் நூறு சாயல்கள் சாத்தியமாயின. இந்தியத் துணைக்கண்டத்தில் முதல் நிறுவனத்தின் தடம் மொழியிலேயே இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் ‘கியூடெக்ஸ்’ என்பது எந்த நிறுவனத்தின் நகப்பூச்சுக்கும் பொதுப்பெயர். என் பாட்டி தலைமுறையினர்க்கு அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே தெரியாது.

1952இல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனத்தின் துணை நிறுவனமாக லாக்மே பிறந்தது. அந்தப் பெயர் லியோ தெலீப் இசையமைத்து 1883இல் பாரிசில் அரங்கேறிய இசைநாடகத்திலிருந்து வந்தது. இலட்சுமியின் பிரெஞ்சு உருவம். ஆங்கில அதிகாரி ஒருவனைக் காதலித்து ஊமத்தை உண்டு இறக்கும் அந்தணப் பெண்ணின் கதை அது. நகத்தைச் செருகிக்கொண்ட காமசூத்திர மொழிபெயர்ப்பும் அதே 1883இல் வந்தது தற்செயல்தான். ஆனால் இந்தியப் பெண்ணின் நகத்தைப் பற்றி நாம் இன்று கொண்டிருக்கும் கற்பனையின் இரு துண்டுகள் ஒரே ஆண்டில் ஐரோப்பாவில் அச்சேறின, அரங்கேறின என்பதை மறக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

நிறப்பெயர் பற்றியும் ஒரு சொல். பெர்லினும் கேயும் 1969இல் முன்வைத்த அடிப்படை நிறப்பெயர் வரிசையில் இந்த நிறம் கடைசிக் கட்டத்தில் வருகிறது. பல மொழிகள் அதற்கெனத் தனிச்சொல் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொள்ளும்போது பூவிடம் கடன் வாங்குகின்றன. ஆங்கிலத்தின் ‘பிங்க்’ ஒரு தோட்டப்பூவின் பெயர். இந்தியின் ‘குலாபி’ பாரசீகத்தில் பூவும் நீரும் சேர்ந்த குலாபிலிருந்து, அதாவது பன்னீரிலிருந்து, வந்தது. வடமொழியின் ‘பாடலம்’ பாதிரிப்பூ. அமரகோசம் அதனை வெண்மையும் செம்மையும் கலந்த நிறம் என்று விளக்குகிறது. தமிழ் வீடுகளில் அது ‘ரோஸ் கலர்’. இளஞ்சிவப்பு என்பது பாடநூல் வழக்கு. ஆயினும் இந்தியாவில் காதற்பருவத்தின் நிறமாக இது இருந்ததில்லை. வட இந்திய வசந்தம் கடுகுப்பூவின் மஞ்சள். அந்நிறத்துக்கே ‘பசந்தி’ என்று பெயர். 2024இல் வசந்த பஞ்சமியும் காதலர் தினமும் ஒரே நாளில், பிப்ரவரி 14இல், வந்தன. அன்று கொல்கத்தாவில் சரசுவதி பூசைக்கு மஞ்சள் சேலையில் கிளம்பிய பெண்கள் பலரின் விரல்களில் ரோசா நகம் இருந்திருக்கும். இரு பருவங்கள் ஒரே உடலில் சண்டையின்றி இருந்த நாள்.

ரோசாவுக்கு இந்நாட்டில் வேறொரு வாழ்வும் கிடைத்தது. 2006இல் பந்தேல்கண்டில் சம்பத் பாலின் குலாபி கும்பல் அந்நிறச் சேலையைச் சீருடையாக்கியது. 2009 சனவரியில் மங்களூர் மதுக்கூடத்தில் பெண்கள் தாக்கப்பட்டபின், தாக்கிய அமைப்பின் தலைவருக்குக் காதலர் தினப் பரிசாக ரோசா நிற உள்ளாடைகளை அஞ்சலில் அனுப்பும் இயக்கம் நடந்தது. இனிப்பு நிறம் என்று ஒதுக்கப்பட்டது கிண்டலுக்கு வாகாக அமைந்துவிட்டது.

காதலர் தினம் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிந்தைய 1990களில் நகரங்களில் பரவியது. வாழ்த்தட்டைக் கடைகளும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் அதற்கு வழியமைத்தன. ஏறத்தாழ அதே காலத்தில் அழகு நிலையங்களும் பெருகின. நௌனியாவின் பணி சாதியிலிருந்து கழன்று சந்தைக்கு வந்தது. இது விடுதலையா? ஒரு பங்கு விடுதலைதான். பிறப்பால் கட்டப்பட்டவள் மட்டுமே பிறர் காலைத் தொடவேண்டும் என்ற விதி அங்கே இல்லை. ஆனால் தில்லியில் நகம் தீட்டும் நாற்காலிகளின் எதிரே அமர்ந்திருப்போரில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பலர். அவர்களின் நகர வாழ்வை டங்கன் மெக்டூயி-ரா 2012இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்: கடைகளும் நிலையங்களும் அவர்களின் தோற்றத்தை விரும்பி வேலைக்கு எடுக்கின்றன; அதே தோற்றத்துக்காகத் தெருவில் அவர்கள் இழிவுபடுத்தப்படுகிறார்கள். நியூயார்க்கின் கொரிய நகத்தொழிலாளர்களை ஆராய்ந்த மிலியன் காங் இவ்வகை வேலையை ‘உடலுழைப்பு’ என்ற வழக்கமான பொருளிலிருந்து பிரித்து, வாடிக்கையாளரின் உடலையும் உணர்வையும் ஒருசேரக் கவனிக்கும் உழைப்பு என்று வரையறுத்தார். பிடித்த கை நடுங்கக் கூடாது. வாடிக்கையாளரின் காதல் கதைக்கு முகம் கொடுக்க வேண்டும். கரைப்பான்களின் நெடியை நாள் முழுதும் மூச்சில் வாங்க வேண்டும். 2021 அக்டோபரில் குருகிராமில், செயலி வழியாக வீடுகளுக்குச் சென்று அழகுப்பணி செய்யும் பெண்கள் தரகுத் தொகையை எதிர்த்து நிறுவன வாயிலில் அமர்ந்தார்கள். நேக் கேட்டு முறுக்கிக்கொண்ட நௌனியா என் நினைவுக்கு வந்தாள். அவளுக்கு எதிரே கோசலை இருந்தாள். இவர்களுக்கு எதிரே ஒரு கைபேசித் திரை.

இலக்கணத்துக்குத் திரும்புகிறேன், என் ஆய்வு அங்கேதான் நிற்கிறது. இந்தியில் பூசுவது ‘லகானா’. பிறர் கையால் பூசுவித்துக்கொள்வது ‘லக்வானா’. அழகு நிலையத்திலிருந்து திரும்பும் தில்லிப் பெண் இரண்டாவது வடிவத்தைத்தான் இயல்பாகச் சொல்கிறாள். மற்றொரு கை உண்டு என்பதை அந்த வினைவடிவம் தன்னுள் வைத்திருக்கிறது. யாரால் என்று கேட்டால் வாக்கியத்தில் அதற்கு இடமும் தயாராக இருக்கிறது. தமிழில் ‘நகப்பூச்சு போட்டுக்கொண்டேன்’ என்கிறோம். தானே போட்டாளா, பிறர் போட்டார்களா என்பது அதில் தெரியாது. ‘கொள்’ எல்லாவற்றையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது. ஆனால் ‘அக்கா போட்டுவிட்டாள்’ என்றால் ‘விடு’ என்ற துணைவினை இன்னொருத்தியின் கையை உடனே காட்டிவிடுகிறது. தலை பின்னிவிடுவது, பூ வைத்துவிடுவது, மருதாணி இட்டுவிடுவது எல்லாம் அந்த வடிவில்தான். நான் இதுவரை திரட்டிய பேச்சுத்தரவில் ஒரு போக்கு தெரிகிறது: வீட்டுப் பெண்கள் செய்தால் ‘விடு’, காசு கொடுத்துச் செய்துகொண்டால் ‘கொள்’. தரவு சிறிது, முடிவாகச் சொல்ல மாட்டேன்.

இதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். உங்கள் ஊர்ப்பேச்சில், அழகு நிலையத்தில் நகத்துக்குப் பூச்சு இட்டதைச் சொல்லும்போது எந்தத் துணைவினை வருகிறது? உங்கள் பாட்டிமார் காலத்தில் மணப்பெண்ணின் நகம் களைந்தவர் யார், அவரை எப்படி அழைத்தார்கள், அந்த நாளில் அவருக்கு என்ன கொடுத்தார்கள்? தமிழ்நாட்டில் நாவிதர் குடிப் பெண்கள் மருத்துவச்சியராகப் பிள்ளைப்பேறு பார்த்தது நன்கு அறியப்பட்டது. நகம் களைவதும் பாதத்துக்குச் செம்மை இடுவதும் அவர்கள் கையில் இருந்தனவா என்பதற்கு வாய்மொழிச் சான்று தேடுகிறேன். கருவிப்பெயர்கள் கிடைத்தால் இன்னும் மகிழ்வேன். ஊர்ப்பெயரோடும் சொன்னவரின் ஏறத்தாழ வயதோடும் எழுதுங்கள். சொல்லை ஒலிக்கும் விதத்திலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.